அந்த நாற்காலியிலிருந்து கேட்டது

திலகவதியின் வீடு முழுவதும் ஒரே ஒரு இணைப்புக்குள் அடங்கிவிட்டது. அந்த இணைப்பைத் தொட்டால் கணினியில் ஒரு வெற்றுப் பக்கம் திறக்கும். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், பொன்மாலை அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், அவள் கூடத்தில், அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். தலைக்கு மேலே மின்விசிறி கரகரக்கும். எதிரே டிவி ஓடும். தலையைத் திருப்பினால் அவையும் கூடவே திரும்பிவிடாது, வைத்த இடத்திலேயே இருக்கும். ஹெட்போன் தலையின் அசைவைக் கவனித்து, கணினிக்கு அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே இருப்பதால் வரும் வித்தை அது.

இந்த வீட்டைச் செய்தவள் ஜெசிந்தா. அறைகளின் ஒலியை அளப்பது அவள் தொழில். முன்பெல்லாம் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களும் பாடல் பதிவுக்கூடம் வைக்கிறவர்களும்தான் அவளைத் தேடி வருவார்கள். உதவி கேட்கும் குரல் காதில் விழுந்தும் போகாமலிருப்பது குற்றம் என்கிற உதவிக்குரல் சட்டம் வந்த பிறகு, வேலை எல்லாம் விசாரணைக் குழுக்களிடமிருந்தே வந்தது.

அளப்பதற்காக அவள் ஒரு பை நிறைய பலூனோடு போய் நின்றபோது, திலகவதி கதவைத் திறந்து, "யாருக்கும்மா பொறந்தநாள்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

"பலூன் வெடிச்சா ரூம் பதில் சொல்லும் மேடம். சுவர்ல பட்டு, சோபால பட்டு, திரும்பி வர்ற சத்தத்தைப் பதிவு பண்ணிக்கிட்டா போதும். அப்புறம் எந்தச் சத்தத்தைக் குடுத்தாலும் இந்த ரூம்ல அது எப்படிக் கேட்கும்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

திலகவதி ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி. எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவள். ஜெசிந்தா விசிறி, டிவி, குக்கர் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் காட்டியபோது, திலகவதி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கடிகாரத்தை விட்டுட்டீங்களே. சோபாவுக்கு மேல டிக் டிக்னு கேக்கணும்" என்றாள். தன் மேல் விசாரணை நடக்கிற வீட்டைப் போய் இவ்வளவு அக்கறையாகச் சரிபார்க்கிறாளே என்று ஜெசிந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விசாரணை இதுதான். அந்த அடுக்ககத்தில் பெருக்கித் துடைத்துக் குப்பை எடுக்கும் பச்சையம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலைக்காரர்களுக்கான லிப்ட்டில் ஏறினாள். குடியிருப்பவர்களின் லிப்ட்டில் அவள் ஏறக் கூடாது. மூன்றாம் மாடியைத் தொடும் தறுவாயில் அது நின்றுவிட்டது. அபாய மணி வெகுநாளாகவே அடிப்பதில்லை. கைப்பேசியைக் காலையில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும் என்பது அங்கே விதி. கையில் இருந்தது ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. அதைக் கதவில் அடித்து அடித்துக் கூப்பிட்டிருக்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ லிப்ட் வரவில்லையே என்று பார்க்கப் போய், மயங்கிக் கிடந்தவளை வெளியே எடுத்தார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவளால் மூடிய இடத்தில் இருக்க முடியவில்லை. குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்தே குளித்தாள்.

அன்று அந்த மாடியில் இருந்தது திலகவதி மட்டும்தான். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள். "காதுல விழல" என்று திலகவதி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

முன்பென்றால் அந்த இரண்டே வார்த்தைகளுக்கு மேல் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அடுத்தவன் காதுக்குள் போய் யார் பார்ப்பது?

விசாரணை அன்று குழுத் தலைவர் சம்பந்தம், பச்சையம்மாவுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய பதவியில் இருந்தவர் என்றாலும் தன்மையான மனிதர்.

"இப்ப அந்தம்மா இந்த நாற்காலியில உக்காருவாங்க. காதுல அவங்க வீடு கேக்கும். நடுவுல எப்பவாவது லிப்ட்டைத் தட்டுற சத்தம் வரும். எப்ப வரும்னு அவங்களுக்குத் தெரியாது. கேட்டா பட்டனை அழுத்தணும்."

"கேட்டும் அமுக்காத இருந்தா இன்னா சார் பண்ணுவ?"

"அதுக்குத்தான் தலையை அளக்கிறோம். கை பொய் சொல்லும். கழுத்து சொல்லாது. சத்தம் வந்த பக்கம் தானா திரும்பும்."

பச்சையம்மா தலையாட்டினாள். பிறகு, "எனக்கு தண்டனை கிண்டனைலாம் வேணாம் சார். நான் தட்னது அங்க கேட்டிச்சா இல்லயா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

தட்டும் சத்தத்தை, குழுவின் ஊழியர் ஒருவர் அதே லிப்ட்டுக்குள் நின்று, அதேபோன்ற டப்பாவால், ஒரே சீராகத் தட்டிப் பதிவு செய்திருந்தார். சோதனைக்கு முன் ஜெசிந்தா அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் தன்னையறியாமல் முகத்தில் ஜாடை காட்டிவிடலாம் என்று ஒரு விதி. லிப்ட் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தைக் கட்டட வரைபடத்திலிருந்து அப்படியே கணினிக்குள் ஏற்றிவிட்டு, அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

திலகவதி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இடையில் ஓரிரு முறை திரும்பினாள். பட்டனை அழுத்தவில்லை. முடிந்ததும் திரையில் முடிவு வந்தது. சத்தம் வந்த திசைக்கும் தலை திரும்பிய திசைக்கும் தொடர்பே இல்லை. கேட்கவில்லை என்று கணினி சொன்னது, சம்பந்தமும் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பச்சையம்மா ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவே கேக்கலியாம்மா?"

"மெஷின் அப்படித்தான்க்கா சொல்லுது."

"அப்ப சரி." அவள் முகம் லேசாகியது. "கேட்டும் வரலன்னா, இத்தினி நாளு நான் யாரு வூட்டு வாசல்ல நின்னேன்னு ஆயிடும் இல்ல? கேக்கலன்னா, சரி. கேக்காததுக்கு யாரு இன்னா பண்றது?"

தன் தொழில் ஒரு மனுஷிக்கு நிம்மதி கொடுத்ததென்று ஜெசிந்தாவுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு பள்ளிக்கூடம்.

கடைசி பெஞ்சுக்குப் பாடம் கேட்பதில்லை என்று ஒரு பள்ளியில் புகார். ஜெசிந்தா வகுப்பறையை அளந்து, வரைபடத்தைக் கணினிக்குள் ஏற்றி, மாணவன் இடத்தில் உட்கார்ந்து கேட்டாள். வாத்தியார் முதுகுக்குப் பின்னாலிருந்து பாடம் நடத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டடம் வரைகிறவர்கள் முன்பக்கத்தைக் கூட்டல் கணக்கில் எழுதுவார்கள், கணினியில் பக்கத்தைத் திறக்கும் உலாவியோ முன்பக்கத்தைக் கழித்தல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் வழுக்கி விழுந்திருப்பார்கள். சரிசெய்வதற்கு அவளே எழுதி வைத்திருந்த சின்ன நிரலில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதே நிரலை வேறு எங்கே பயன்படுத்தினோம் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

விசிறி, டிவி, கடிகாரம் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. அவற்றைக் காதால் கேட்டுக் கேட்டு வைத்தாள், திலகவதியும் சரிபார்த்தாள். வரைபடத்திலிருந்து நேராக வந்தது லிப்ட் ஒன்றுதான். உண்மையில் அது திலகவதியின் நாற்காலிக்குப் பின்னால், வாசல் பக்கம் இருக்கிறது. சோதனையில் அது அவளுக்கு முன்னால், டிவிக்கு அந்தப் பக்கம், பால்கனிக்கு வெளியே, அந்தரத்தில் தொங்கியது.

ஜெசிந்தா பழைய பதிவைத் திறந்தாள். திலகவதியின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் திரையில் ஒரு சின்ன அம்புக்குறி காட்டும். முதல் தட்டு வந்ததும் அம்பு துள்ளியது. பிறகு மெதுவாகத் திரும்பி, முழுவதுமாகப் பின்னால் போய், வாசல் பக்கம் நின்றது. சத்தம் முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தபோது, அம்பு பின்னால் லிப்ட் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் டிவிக்குத் திரும்பியது. இரண்டாவது தடவை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. மூன்றாவது தடவை ஒரு நடுக்கம் மட்டும்.

ஹெட்போனில் முன்னும் பின்னும் குழம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தேடுவார்கள். இந்த அம்பு எதையும் தேடவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஜெசிந்தா திரையை மூடினாள். தப்பைச் சொன்னால் அவள் பேரும் தொழிலும் அடிபடும். அது ஒரு பக்கம். பச்சையம்மாவின் "அப்ப சரி" இன்னொரு பக்கம். சொல்லாமலே விட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, கெட்டதெல்லாம் சொன்னால்தான் வரும் என்பதுதான் அவளை அதிகமாகப் படுத்தியது. ஆனால் பச்சையம்மா கேட்டது நிம்மதியை அல்ல, பதிலை. தவறான பதிலைக் கொடுத்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் திலகவதியைப் பார்க்காமல் குழுவுக்கு எதையும் எழுதுவதில்லை என்று கிளம்பினாள்.

பொன்மாலை அடுக்ககம் மாறிப்போயிருந்தது. சட்டம் வந்ததிலிருந்து ஊரெங்கும் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருந்தது. எல்லா வீட்டுக்கும் கனமான புதுக் கதவு, விளிம்பெல்லாம் ரப்பர். "வெளியே என்ன நடந்தாலும் உள்ளே கேட்காது" என்று டிவியில் விளம்பரமே வருகிறது. கேட்டால்தானே குற்றம்? தெருவில் போகிறவர்கள்கூடக் காதை அடைத்துக்கொண்டுதான் போகிறார்கள். உதவி செய்ய வைக்கப் போட்ட சட்டம் ஊரையே செவிடாக்கிவிட்டதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

மூன்றாம் மாடியில் திலகவதியின் கதவு மட்டும் திறந்திருந்தது. தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தாள்.

"மூடினா எதுவும் கேக்க மாட்டேங்குது" என்றாள். "அதுதான் இப்ப எனக்கு ஆகல."

ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். திலகவதி மறுக்கவில்லை.

"முன்னாடி கேட்டதால பட்டனை அழுத்தலை. பால்கனி பக்கம் லிப்ட் எங்கேருந்து வரும், இது வேற ஏதோன்னு நெனச்சேன். ஆனா தட்டுற சத்தம்னு தெரிஞ்ச உடனே கழுத்து தானா வாசலுக்குப் போயிடுச்சு. அன்னைக்கும் அப்படித்தான்."

"அன்னைக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மேடம் போய்ப் பார்க்கல?"

"நான் பண்ண வேலைதான்." திலகவதி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "ஈர பக்கெட்டோட எங்க லிப்ட்ல வர்றா, தரையெல்லாம் வழுக்குதுன்னு எங்க அடுக்ககத்து வாட்ஸப் குரூப்ல போட்டவ நான்தான். அதுக்கப்புறம்தான் அவளை அந்தப் பழைய லிப்ட்ல போகச் சொன்னாங்க. அவளுக்கு என்மேல கோவம். குப்பை எடுக்க வர்றப்பல்லாம் கதவை டமார் டமார்னு தட்டுவா. அன்னைக்கும் அந்த மாதிரிதான் கேட்டுச்சு. என்னைத்தான் தட்டுறா, வேணும்னே தட்டுறான்னு நெனச்சேன். போய்த் திறந்தா சண்டை வரும்னு பயம். டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன்."

ஒலி எத்தனை தூரம் போகும், எந்தச் சுவரில் மோதி எவ்வளவு குறையும் என்பதெல்லாம் ஜெசிந்தாவுக்கு அத்துப்படி. காதுக்குள் போன பிறகு அது என்னவாக மாறும் என்பதை அளக்க அவளிடம் எந்தப் பலூனும் இல்லை.

"எழுதி அனுப்புங்க" என்றாள் திலகவதி. "நான் எப்படிக் கேட்டேங்கறதையும் அதுல எழுத முடியுமா?"

அதையே மறுநாள் சம்பந்தத்திடம் போனில் கேட்டபோது, அவர் பெருமூச்சு விட்டார். "கேட்டுச்சா, கேக்கலையா. சட்டத்துல ரெண்டே பதில்தான்மா. எப்படிக் கேட்டுச்சுன்னு எழுத எங்ககிட்ட இடமில்ல. மறுசோதனை வைக்கிறேன். உங்க தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

செம்மஞ்சேரியில் பச்சையம்மாவின் வீடு ஒரே அறை. ஜெசிந்தா போனபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஈரத்தலையோடு வெளியே வந்த பச்சையம்மா, "பாத்தியா, தாப்பா போட்டுக்கினு குளிக்கிறேன்!" என்று பெருமையாகச் சொன்னாள். "கேக்கலன்னு நீ சொன்னியே, அன்னிலேர்ந்து."

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. போகவில்லை. கழித்தல் குறியில் ஆரம்பித்து, திலகவதி டிவி சத்தத்தைக் கூட்டியது வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

பச்சையம்மா தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டாள். துண்டு கையிலேயே இருந்தது.

"கோவத்துல தட்றேன்னு நெனச்சிச்சா அந்தம்மா?"

"ஆமாக்கா."

"கோவந்தான்" என்றாள் பச்சையம்மா. "லிப்டு நின்ன ஒடனே எனக்கு வந்தது பயம் இல்ல, கோவம். உன்னாலதானே இதுல ஏறுனேன்னு அந்த வூட்டப் பாத்துதான் அடிச்சேன். வாய்ல வந்ததெல்லாம் சொல்லி அடிச்சேன். அந்தம்மா சரியாத்தான் கேட்டுக்கீது."

பச்சையம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா அப்புறம் தட்னது வேற" என்றாள் பச்சையம்மா. குரல் இறங்கிவிட்டது. "காத்து இல்ல. நாக்கு ஒட்டிக்கிச்சி. அப்ப கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. யாராச்சும் வாங்களேன்னு தட்னேன். அந்தத் தட்டு அங்க கேட்டிச்சா? அத்தச் சொல்லு நீ."

அது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. யாருமே அதைச் சோதிக்கவில்லை. ஊழியர் சீராகத் தட்டிய சத்தத்தைத்தான் எல்லாரும் பச்சையம்மாவின் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவளிடம், நீ எப்படித் தட்டினாய் என்று கேட்கக்கூட இல்லை.

"அதே மாதிரி தட்டிக் காட்டுவீங்களாக்கா?"

டிபன் டப்பா அடுப்படியில் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. பச்சையம்மா அதை எடுத்துக்கொண்டு இரும்பு பீரோவுக்கு முன்னால் போய் நின்றாள். முதலில் அடித்த அடியில் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஜெசிந்தா பதிவு செய்தாள். பிறகு பச்சையம்மா தரையில் உட்கார்ந்து, பீரோவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, டப்பாவின் விளிம்பால் தொட்டுத் தொட்டுத் தட்டினாள். நடுநடுவே நிறுத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. ஜெசிந்தா அதையும் பதிவு செய்தாள்.

இரண்டையும் அங்கேயே தன் மடிக்கணினியில், திலகவதியின் வீட்டுக்குள் ஏற்றினாள். இந்த முறை லிப்ட் சரியான இடத்தில், நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. முதல் தட்டுக்குக் கணினி "கேட்கும்" என்றது. இரண்டாவதற்கு, விசிறியையும் டிவியையும் தாண்டி வராது, "கேட்கும் அளவில் இல்லை" என்றது. ஜெசிந்தா அதைப் பச்சையம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"மிஷினு சொல்றது இருக்கட்டும். அந்த நாற்காலில என்னை உக்கார வை."

அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலுக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைத்து, ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிவிட்டாள். பச்சையம்மா கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டாள்.

"கடியாரம் கீது. அங்க குக்கரு." அவள் குரலில் ஒரு சின்ன ஆச்சரியம். "இத்தினி வருசமா வாசல்ல நிக்கறேன். இந்த வூட்டுக்குள்ள வந்ததே இல்ல."

முதல் தட்டு போனது. திரையில் அம்பு துள்ளிப் பின்னால் திரும்பியது. பச்சையம்மா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அம்மாடி, இப்டியா தட்னேன்? நானா இருந்தாலும் தொறக்க மாட்டேன்."

பிறகு இரண்டாவது. எப்போது தொடங்குகிறது என்று ஜெசிந்தா சொல்லவில்லை. ஹெட்போன் ஒன்றுதான் என்பதால் அவளுக்கு எதுவும் கேட்கவும் இல்லை. அவள் திரையை மட்டும் பார்த்தாள். கேட்கும் அளவில் இல்லை என்ற எழுத்துக்கு மேலே, அம்பு மெல்லத் திரும்பத் தொடங்கியது. தயங்கியது, நின்றது, பிறகு முழுவதுமாகப் பின்னால் போனது.

பச்சையம்மா எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. வாசல் வரை நடந்து, வெயிலுக்காகச் சாத்தி வைத்திருந்த கதவின் தாழ்ப்பாளை எடுத்து, அதை அகலத் திறந்தாள். வெளியே நடையில் யாருமில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறவள் உள்ளே வர வழிவிடுவதற்காக ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள்.